துவக்குக் குடுத்தால் தோட்டம் மிஞ்சுமா?

"வீட்டுக்கொரு துவக்குக் குடுங்கோ. ஒரு மாசத்தில குரங்குப் பிரச்சினை முடிஞ்சிடும்."

இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போச்சு. கமக்காரர் கூட்டத்தில் ஒருவர் எழும்பி இதைச் சொன்னால் கைதட்டு விழுகிறது. தேத்தண்ணிக் கடையில் சொன்னால் மறுத்துக் கதைக்க ஆளில்லை. விடுதியில் எங்களோடு இருக்கிற பொடியங்களும், எந்தப் பக்கத்து அரசியல் பேசுகிறவர்களாக இருந்தாலும், இந்த விஷயத்தில் மட்டும் ஒரே கட்சி. ஆனால் ஒரு துவக்கு வீட்டுத்தோட்டத்தில் என்ன செய்யும், வீட்டுக்குள் என்ன செய்யும் என்று யாரும் ஒரு நிமிடம் நின்று யோசித்ததாகத் தெரியவில்லை. நாங்கள் யோசித்தோம். துவக்கு தோட்டத்தைக் காப்பாற்றாது. தோட்டத்தைக் காப்பாற்ற வேண்டியவர்கள் தங்கள் வேலையிலிருந்து நழுவ அது ஒரு நல்ல சாட்டு. எங்கள் வாதம் இவ்வளவுதான்.

எழுதுகிற நாங்கள் மூன்று பேர். கலைப்பீடம்தான். ஒருத்தி வவுனியா வடக்கு, ஒருத்தன் ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம், மற்றவன் மட்டக்களப்புப் படுவான்கரை. மூன்று வீட்டிலும் மரக்கறி நட்டிருக்கிறது, மூன்று வீட்டுக்கும் மிருகம் வருகிறது. ஆனபடியால் "கம்பசில இருந்துகொண்டு குரங்குக்கு வக்காலத்து வாங்கிறியளோ" என்று யாரும் தொடங்க வேண்டாம். குரங்கு தின்ற கத்தரிக்காய்க்கு அழுத அம்மாமாரின் பிள்ளைகள்தான் நாங்களும்.

முதலில் இழப்பைப் பற்றிப் பேசுவோம். அது உண்மை. 2022 ஜூனில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு குடுத்து, வீட்டில் பயிர் செய்யுங்கோ என்றது அரசாங்கம். அதற்கு முதல் வருடம்தான் இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து கமத்தை விழுத்தியிருந்தது. விழுத்தியவர்களே வந்து "வளவுக்குள்ள நாலு மிளகாய்க் கண்டு வையுங்கோ" என்றார்கள். சனமும் வைத்தது. வேற வழியில்லை. மரவள்ளி, வெண்டி, பயித்தங்கொடி, பூசணி, பப்பாசி என்று வளவு நிறைய வைத்தார்கள். காய் பிடித்த நேரம் குரங்கு வந்தது. பிஞ்சிலேயே கடித்து எறிந்தது. மரவள்ளியைப் பன்றி கிளறியது, விதை போட்ட பாத்தியை மயில் கிண்டியது. கஷ்டப்பட்டு நட்டதில் பாதிகூடச் சமையலுக்கு வராத வீடுகளை எங்களுக்குத் தெரியும். 2025 தொடக்கத்தில் தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தாண்டியபோது, குரும்பையைப் பிடுங்கி எறிகிற குரங்கைப் பார்த்து ஒரு தாய்க்கு என்ன கோபம் வரும் என்பதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இந்தக் கோபத்துக்கு அரசுகள் தந்த பதில்களைப் பாருங்கள். 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பப் போகிறோம் என்றார்கள். வழக்கு வந்தது, பிறகு அந்தக் கதையே இல்லாமல் போனது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் பாய்ந்த ஒரு குரங்கின் தலையில் பழி விழுந்தது. அடுத்த மாதம், மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, அவரவர் வளவில் நிற்கிற குரங்கு, மந்தி, மயில், மரஅணில், பன்றியை எண்ணித் தாருங்கள் என்றார்கள். ஐந்து நிமிடம் நாடே எண்ணியது. எண்ணப்பட்டவை மிருகங்கள். வருடம் முழுக்க, விடியக்காலையிலிருந்து பின்னேரம் வரைக்கும், அந்த மிருகங்களைக் கலைத்துக்கொண்டு நிற்கிற ஆட்கள் யார் என்ற கணக்கை யாரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் "துவக்குக் குடுங்கோ" என்ற கோரிக்கை அந்த இடத்திலேயே உடைந்திருக்கும்.

ஏன் என்று கேளுங்கள். செங்குரங்குக் கூட்டம் வருவது பகலில். காலை எட்டு, ஒன்பது மணிக்கு, பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் போனவர்கள் போய் முடிந்த பிறகு. இருபது முப்பது குரங்கு ஒன்றாக வரும். அந்த நேரம் வீட்டில் நிற்கிறது அம்மா, அம்மம்மா, ஒரு கைக்குழந்தை. துவக்கு லைசன் யார் பெயரில் இருக்கும்? வீட்டுக்காரர் பெயரில். அவர் வயலில், அல்லது மேசன் வேலைக்கு, அல்லது கட்டாரில். எங்கள் துப்பாக்கிச் சட்டம் 1916இல் வெள்ளைக்காரன் காலத்தில் எழுதப்பட்டது. அதன்படி லைசன் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. வீட்டுக்காரரின் துவக்கை மனுசி எடுத்துச் சுடச் சட்டம் விடாது. ஆக, துவக்குள்ள வீட்டிலும் குரங்கைக் கலைக்கப் போவது அதே அம்மா, அதே தகரம், அதே தடி. துவக்கு அலுமாரியில் பூட்டிக் கிடக்கும்.

சரி, அவர் வீட்டில்தான் நிற்கிறார் என்று வையுங்கள். எங்கள் வளவுகள் எவ்வளவு பெரிசு? இரண்டு பரப்பு என்று எடுப்போம். 20 பேர்ச். கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 22 மீற்றருக்கு 22 மீற்றர். அதற்குள் வீடு, கிணறு, மலசலகூடம், கோழிக்கூடு, மிச்சத்தில் தோட்டம். சொட்கன் தோட்டாவில் இருந்து சிதறும் சன்னம் 200 மீற்றர் வரைக்கும் போகக்கூடியது. உங்கள் கத்தரிக்குச் சுட்ட வெடி, உங்கள் வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டுத் தண்ணித் தாங்கியையும், அதற்கப்பால் உள்ள வீட்டு ஜன்னலையும், அதற்கும் அப்பால் முன்பள்ளி முற்றத்தையும் எட்டும். மாமரத்தில் இருக்கிற குரங்கை நோக்கி மேலே சுட்டாலும் சன்னம் எங்கேயோ விழத்தான் வேண்டும். நூறு ஏக்கர் காணிக்காரனுக்குப் பொருந்துகிற ஆயுதத்தை இரண்டு பரப்புக்காரன் கையில் குடுத்து "இனி உன் பாடு" என்று சொல்வது தீர்வு இல்லை, நக்கல்.

வெடி விழுந்தாலும் என்ன நடக்கும்? ஒன்று விழும், மிச்சம் ஓடும். ஓடுகிற இடம் பக்கத்து வளவு. வெடிச்சத்தம் அடங்க, மதியத்துக்குப் பிறகு வேறு பக்கத்தால் வரும். அந்தக் கூட்டத்தையே அழித்தாலும், வெறுமையான இடத்துக்கு அடுத்த கூட்டம் வரும். ஏனென்றால் சாப்பாடு அங்கேதான் இருக்கிறது. இதில் வென்றவர் யாருமில்லை, பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் தோற்றார். ஊரில் எல்லோரும் சுடத் தொடங்கினால் குரங்கை ஆளுக்காள் தள்ளிவிடுகிற விளையாட்டாகத்தான் அது முடியும். துவக்கில்லாதவர் வளவில் கடைசியாக எல்லாம் வந்து குந்தும்.

துவக்கில்லாதவர் யார் என்று பார்த்தால் கதை இன்னும் மோசம். பயிர்ப் பாதுகாப்புக்கு லைசன் எடுக்கப் போகிறவர் தனக்குக் காணி இருக்கிறது என்று காட்ட வேண்டும். கிராம சேவகர், பிரதேச செயலகம், பொலிஸ், கச்சேரி என்று பைல் நடக்கும். எங்கள் மூவரில் ஒருவனின் வீடு லயம். அவனுடைய அப்பா அம்மா, தாத்தா பாட்டி எல்லோரும் அந்த மண்ணில் தேயிலை பறித்தவர்கள். லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் போஞ்சி, லீக்ஸ், கோவா போடுகிறார்கள். அந்தத் துண்டுக்கு உறுதி இல்லை. தோட்ட நிர்வாகத்தின் காணி. அதிர்ஷ்டம் இருந்து வீட்டுத்திட்டம் வந்தால் 7 பேர்ச். அதுவும் எல்லோருக்கும் வரவில்லை. பன்றிக்கு உறுதி உள்ள காணி எது, இல்லாத காணி எது என்று தெரியாது. துவக்கு குடுக்கிற கந்தோருக்குத் தெரியும்.

வன்னியில் அம்மாமார் தனியே நடத்துகிற வீடுகள் எத்தனை? புருஷன் காணாமல் ஆக்கப்பட்டவர், போரில் இறந்தவர் பெயரில் இன்னும் மாற்றாமல் கிடக்கிற காணிகள் எத்தனை? புனர்வாழ்வு முடித்து வந்த ஒருவர் "எனக்குத் துவக்கு வேணும்" என்று விண்ணப்பப் படிவம் நிரப்பிக்கொண்டு பொலிசுக்குப் போவாரா? போனால் அடுத்த கிழமை அவர் வீட்டுக்கு யார் வருவார்கள்? இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். வடக்கில் ஆயுதம் என்ற சொல்லுக்கு என்ன விலை என்று தெரியாதவர்கள்தான் சிரிக்கலாம். துவக்குக் கோரிக்கையை மேடையில் வைக்கிறவர் பெரும்பாலும் உறுதி உள்ள, ஆண்பிள்ளை உள்ள, பொலிசுக்குப் பயப்படத் தேவையில்லாத வீட்டுக்காரர். அவர் ஊருக்காகக் கேட்கவில்லை, தனக்காகக் கேட்கிறார். ஊர் கைதட்டுகிறது.

இனி வீட்டுக்குள் வருவோம். லைசன் கிடைத்த வீட்டுக்காரரின் கவலைகள் என்னென்ன என்று பட்டியல் போட்டுப் பாருங்கள். வருடா வருடம் லைசன் புதுப்பிக்க வேண்டும். தோட்டாக் கணக்கு வைத்திருக்க வேண்டும். பிள்ளைகள் கைபடாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும், திறப்பை வேறு இடத்தில் ஒளிக்க வேண்டும். மகளின் கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போனால், வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிற நாலு நாளும் துவக்கை யார் பொறுப்பில் விடுவது? களவு போனால் அந்தத் துவக்கால் நடக்கிற அடுத்த களவுக்கு விசாரணை யாரிடம் வரும்? மகன் கோபக்காரன், தம்பி குடிகாரன். பக்கத்து வளவுக்காரரோடு எல்லைச் சண்டை வேறு. முன்பெல்லாம் வேலிச்சண்டை வாய்ப்பேச்சோடும், மிஞ்சினால் அலவாங்கோடும் முடியும். இப்போது அலுமாரிக்குள் ஒன்று இருக்கிறது என்பது இரண்டு வீட்டுக்கும் தெரியும். கத்தரிக்காயைக் காக்க வாங்கிய சாமானைக் காக்கிறதே ஒரு முழுநேர வேலை.

இந்த இடத்தில் எங்கள் நாடே உலகத்துக்குச் சொல்லிக் குடுத்த ஒரு பாடம் இருக்கிறது. அதுவும் தோட்டத்தில் இருந்து வந்த பாடம். ஒரு காலத்தில் கமக்காரர் வீடு ஒவ்வொன்றிலும் ஒரு மூலையில் கொடிய கிருமிநாசினிப் போத்தல் ஒன்று இருந்தது. பயிரைக் காக்கத்தான் வாங்கினார்கள். உலகத்திலேயே அதிகமாகத் தற்கொலை நடக்கிற நாடுகளில் ஒன்றாக இலங்கை ஆனது. 1995இல் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர். 1984இல் பரதையோன், 1995இல் அதி கொடிய வகுப்பில் எஞ்சியிருந்த நஞ்சுகள், 1998இல் எண்டோசல்பான் என்று ஒவ்வொன்றாகத் தடைசெய்தார்கள். 2005 ஆகும்போது அந்த வீதம் பாதியாக இறங்கியிருந்தது. கடன் குறைந்ததா? குடி குறைந்ததா? யுத்தம் முடிந்ததா? ஒன்றும் இல்லை. நஞ்சு குடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் தொகைகூட அப்படிக் குறையவில்லை. வந்தவர்கள் பிழைத்தார்கள். ஒரு கெட்ட பின்னேரத்தில், ஒரு சண்டைக்குப் பிறகு, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த சாமான் கொஞ்சம் குறைந்த கொடுமையுள்ளதாக இருந்தது. அவ்வளவுதான். அந்தத் தடைகளால் விளைச்சல் விழவும் இல்லை என்று பிறகு பார்த்த ஆய்வு சொன்னது.

யோசித்துப் பாருங்கள். போத்தலை வீட்டை விட்டு வெளியே எடுத்து ஆயிரக்கணக்கான உயிரைக் காப்பாற்றிய நாடு, அதே மூலையில் இப்போது துவக்கை வைக்கச் சொல்லிக் கேட்கிறது. அதே காரணம்: பயிர்ப் பாதுகாப்பு. நஞ்சு குடித்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓட ஒரு நேரமாவது இருந்தது. துவக்கு அந்த நேரத்தையும் தராது. அமெரிக்காவில் துப்பாக்கியால் வருடாவருடம் சாகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். அவர்களில் கனபேர் கள்ளனுக்குப் பயந்து வீட்டில் துவக்கு வைத்த சாதாரண வீட்டுக்காரர்கள்தான்.

அமெரிக்கா என்றதும் இன்னொன்று. எங்கள் வயதுப் பொடியங்கள் யூடியூப்பில் பார்க்கிற வீடியோக்கள் தெரியும்தானே? தொப்பி போட்ட ஒருவர், பின்வளவில் தக்காளி, பூசணி, கோழி, தோளில் ஒரு ரைபிள். தன் நிலம், தன் சாப்பாடு, தன் காவல். பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அங்கே துவக்கு வைத்திருப்பது 1791இல் இருந்து அரசியலமைப்பில் எழுதிய உரிமை. இங்கே அது அரசாங்கம் தருகிற, வருடாவருடம் புதுப்பிக்கிற, நினைத்த நேரம் திருப்பிக் கேட்கிற அனுமதி. 2024 நவம்பரில்கூட, தற்பாதுகாப்புக்கு என்று குடுத்த துப்பாக்கிகளைக் கொண்டுவந்து ஒப்படையுங்கள் என்று பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. அவருடைய நிலம் ஏக்கர் கணக்கு, எங்களுடையது பரப்புக் கணக்கு. அந்த வீடியோவில் பக்கத்து வீடே இல்லை. எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக் குழம்பு வாசம் எங்கள் குசினிக்குள் வரும்.

இங்கே வீட்டுத் துவக்குக்கு ஒரு சரித்திரமும் இருக்கிறது. 1980களில் வடக்குக் கிழக்கில் இயக்கங்கள் லைசன் துவக்குள்ள வீடுகளைத் தேடித்தேடிப் போயின. தென்னிலங்கையில் 1987 முதல் 1989 வரை ஜேவிபி கிராமத்து வீடுகளில் அதையே செய்தது. ஒரு பக்கம் இருட்டில் கதவைத் தட்டித் துவக்கைக் கேட்பார்கள். மறுபக்கம் விடிய ஆமி வந்து "ஏன் குடுத்தாய்" என்று கேட்கும். நடுவில் நின்றது மரவள்ளிக்குக் காவல் வைத்த ஒரு வீட்டுக்காரர். வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள். துவக்கு இருந்த வீட்டை எல்லோரும் அறிந்திருந்தார்கள். அறிந்திருந்ததுதான் ஆபத்து.

"லைசன் துவக்கு இல்லாட்டிச் சனம் கட்டுத்துவக்குத்தான் கட்டும், அதைவிட இது பரவாயில்லைதானே" என்று ஒரு நியாயம் சொல்கிறார்கள். இதுதான் கொஞ்சம் பலமான நியாயம், ஆனபடியால் பதில் சொல்கிறோம். கட்டுத்துவக்கு, சுருக்குக் கம்பி, வேலிக்குக் கள்ளக் கரண்ட், தீனிக்குள் வைக்கிற வெடி, இவை எல்லாம் நடக்கிறது உண்மை. பன்றிக்குக் கட்டிய துவக்கில் விறகுக்குப் போன மனிசன் அகப்படுகிற செய்தி பேப்பரில் வந்துகொண்டே இருக்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில், தோட்டத்து மரக்கறிப் பாத்திக்குப் பக்கத்தில் கட்டிய கம்பியில், இலங்கையில் மிக அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று கழுத்து இறுகிப் பிடிபட்டுச் சில நாளில் செத்தது. யானைகள் வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் சாகின்றன. சூடும் கரண்டும் தீனிவெடியும் முக்கிய காரணங்கள். ஆனால் இதைச் செய்கிறவர்கள் யார்? லைசன் எடுக்க வழியில்லாதவர்கள், இரவு முழுக்க விழித்திருக்க முடியாதவர்கள். உறுதி உள்ளவருக்கு லைசன் குடுத்தால் உறுதி இல்லாதவரின் கம்பி அவிழாது. காவல் என்பது அவனவன் தனிப்பாடு என்ற நினைப்பு இருக்கிற வரைக்கும், பணமுள்ளவன் துவக்கு வாங்குவான், இல்லாதவன் கம்பி கட்டுவான். இரண்டும் ஒரே மரத்தின் இரண்டு கொப்புகள்.

இன்னொரு பக்கத்துக்கும் சொல்ல இருக்கிறது. கொழும்பில் இருந்துகொண்டு "மிருகங்களோடு சேர்ந்து வாழப் பழகுங்கள்" என்று பாடம் எடுக்கிறவர்களே, அந்தப் பழக்கத்துக்கு மாதாமாதம் காசு கட்டுகிறது யார்? செங்குரங்கு இலங்கையில் மட்டும் உள்ள இனம், அழியும் ஆபத்தில் உள்ளது என்று உலகப் பட்டியலில் இருக்கிறது. சரி, ஒப்புக்கொள்கிறோம். அப்படியென்றால் அது நாட்டின் சொத்து. நாட்டின் சொத்துக்கு ஏன் வவுனியா வடக்கில் ஒரு அம்மா மட்டும் சாப்பாடு போட வேண்டும்? நெல், சோளம், பெரிய வெங்காயம் என்று சில பயிர்களுக்கு அரசாங்கக் காப்புறுதி இருக்கிறது. வளவுக்குள் நிற்கிற பத்து வாழைக்கும் ஒரு பலாவுக்கும் யார் தந்தார்கள்? "சுடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்களும் "சுடு" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்: வீட்டுக்காரரைத் தனியே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

அப்ப என்னதான் செய்யிறது? எங்களிடம் மந்திரக்கோல் இல்லை. ஆனால் துவக்கை விட மலிவான, செய்யக்கூடிய வேலைகள் கிடக்கின்றன.

முதலாவது குப்பை. திறந்த குப்பைமேடு இருக்கிற இடத்தில் குரங்கும் பன்றியும் யானையும் மனிதச் சாப்பாட்டுக்குப் பழகுகின்றன. அம்பாறை பள்ளக்காடு குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று யானைகள் செத்த படங்கள் 2022 ஜனவரியில் உலகம் முழுக்கப் போயின. குப்பைமேட்டுக்கு வேலி போடுவதும், சாப்பாட்டுக் கழிவைப் பிரித்துப் பசளை ஆக்குவதும் உள்ளூராட்சிச் சபைகளின் வேலை. உங்கள் சபைக் குப்பை எங்கே கொட்டப்படுகிறது என்று ஒருக்கால் போய்ப் பாருங்கள். அங்கே பழகின கூட்டம்தான் உங்கள் பப்பாசிக்கு வருகிறது.

இரண்டாவது வேலி. யானைக்குக் காட்டைச் சுற்றி மின்வேலி போட்டுத் தோற்ற அனுபவம் நாட்டுக்கு நிறைய உண்டு. அதற்குப் பதிலாக ஊரைச் சுற்றி, ஊர்ச்சனமே சேர்ந்து பராமரிக்கிற வேலி நன்றாக வேலை செய்கிறது என்று காட்டிய கிராமங்களும் இந்த நாட்டிலேயே உண்டு. வயலுக்கு விதைப்பிலிருந்து அறுவடை வரைக்கும் போட்டு, பிறகு கழற்றி வைக்கிற வேலியும் அதே வகை. குரங்குக்கு அதே யோசனை சின்ன அளவில்: மேலும் மூடிய வலைக்கூடு. இரண்டு பாத்தி, நாலு பக்கமும் மேலும் வலை, உள்ளே தக்காளி, போஞ்சி, கத்தரி. வெளியே மஞ்சள், இஞ்சி, தேசி மாதிரிக் குரங்கு அதிகம் தொடாத பயிர். விதைப் பைக்கற் பகிர்ந்து படம் எடுத்துப் போகிற திட்டங்கள் எத்தனையோ வந்து போயின. அந்தப் பைக்கற்றோடு வலையும் நாலு இரும்புக் குழாயும் தந்திருந்தால் பாதி வீடுகளில் இன்றைக்கும் தோட்டம் இருந்திருக்கும்.

மூன்றாவது காவல். எங்கள் வயல்களில் பரண் கட்டி முறைவைத்துக் காவல் காத்த காலம் கனதூரத்தில் இல்லை. இன்றைக்கு நீ, நாளைக்கு நான். தீப்பந்தம், தகரம், கூக்குரல். வளவுக் காவலையும் அப்படி ஒழுங்கைக்கு ஒழுங்கை முறைவைக்கலாம். குரங்குக் கூட்டம் ஒரு வளவிலிருந்து கலைத்தால் அடுத்த வளவுக்குப் போகிறது என்றால், பத்து வளவும் ஒரே நேரத்தில் கலைப்பதுதான் பதில். அதற்குத் துவக்கு தேவையில்லை, பக்கத்து வீட்டோடு கதைபேச்சு தேவை. அந்தக் காவலை அம்மாமாரின் "சும்மா இருக்கிற நேரம்" என்று நினைக்காமல் வேலை என்று கணக்கெடுக்க வேண்டும். பிரதேச செயலகம் றோட்டுத் துப்புரவுக்குச் சம்பளம் குடுக்கலாமென்றால் பயிர்க் காவலுக்கும் குடுக்கலாம்.

நாலாவது, எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிற காணி. லயத்துக்குப் பின்னால் இருக்கிற துண்டு அந்தக் குடும்பத்துக்குச் சொந்தம் என்று எழுதிக் குடுக்காத வரைக்கும், அங்கே யாரும் வலையும் போட மாட்டார்கள், வேலியும் போட மாட்டார்கள். நாளைக்கு நிர்வாகம் எடுத்தால் என்ன செய்வது? நிலையில்லாத மண்ணில் கட்டுகிறது கம்பிச் சுருக்கு மட்டும்தான்.

"இதெல்லாம் நடக்கிற காரியமா, துவக்கெண்டால் நாளைக்கே வாங்கலாம்" என்று சொல்வீர்கள். அதுதான் எங்கள் கோபமே. துவக்குக் குடுக்க அரசாங்கத்துக்குச் செலவில்லை, ஒரு கையெழுத்துப் போதும். தோட்டாக் காசும் உங்களது, பயமும் உங்களது, ஏதும் நடந்தால் வழக்கும் உங்களது. குப்பை மூடவும், வலை தரவும், வேலி போடவும், காணி எழுதவும்தான் செலவு. செலவில்லாத பதிலை நாங்களே வரிசையில் நின்று கேட்டு வாங்கினால், செலவுள்ள பதிலை இனி யார் தரப்போகிறார்கள்?

அடுத்த கூட்டத்தில் யாராவது "துவக்குக் குடுங்கோ" என்று எழும்பினால், நீங்களும் எழும்புங்கோ. மூன்று கேள்வி கேளுங்கோ. காலை ஒன்பது மணிக்கு உங்கட வளவில குரங்கைக் கலைக்கிறது ஆர்? அந்த ஆளின்ட பேரில லைசன் வருமோ? இந்தக் கூட்டத்தில உறுதியில்லாத காணிக்காரர் எத்தனை பேர் இருக்கினம்? பதில் வரும்வரைக்கும் இருக்காதேங்கோ.